கைக்குழந்தையும் நாலு வயதுப் பையனுமாகத் தனியே விமானத்தில்

பத்து மாதக் குழந்தை, நாலு வயதுப் பையன், ஒன்பது மணி நேரப் பயணம், துணைக்கு யாருமில்லை. இறங்கும்போது குழந்தைக்குக் காது வலிக்குமே என்று கேட்டிருந்தீர்கள். இதே கூட்டணியோடு நானும் இரண்டு தடவை போயிருக்கிறேன்.

காதுக்கு ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் தொல்லை அதிகம். கேபினில் காற்றழுத்தம் கூடக்கூட, நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் திறக்க வேண்டும். எதையாவது விழுங்கும்போது அது திறக்கும். சக்கரம் இறங்கும் சத்தம் கேட்ட பிறகு பால் கொடுத்தால் பெரும்பாலான நேரம் போயிருக்கும். தரையைத் தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். தூங்கினாலும் எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முதல் தடவை ஒரே மூச்சில் பாட்டிலைக் காலிசெய்ய விட்டுவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் வெறும் நிப்பிளை வாயில் வைத்துச் சமாளித்தேன்! பெரியவனுக்கு ஸ்ட்ரா போட்ட தண்ணீர் போதும். சளி இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், கழிப்பறை. சின்னதை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பை கட்டாயம் வேண்டும். அப்போதுதான் பெரியவனுக்கு உதவ இரண்டு கையும் இருக்கும். உணவு வண்டி நடைபாதையில் வருவதற்கு முன்பே அவனை அழைத்துப்போய்விடுங்கள், வந்துவிட்டால் வழி கிடைக்காது.

தள்ளுவண்டியைப் பெரும்பாலும் விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் அதை வாசலிலேயே திருப்பித் தருவார்களா, பெட்டிகளோடு பெல்ட்டில் வருமா என்று கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.