பங்குனி உத்திரமும் நம் சாஸ்தாவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பங்குனி உத்திரம் என்றால் மற்ற ஊர்களில் திருக்கல்யாணம், பழனியில் காவடி என்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் மட்டும் அன்றைக்குக் குளக்கரையிலும் காட்டுக்குள்ளும் இருக்கும், எங்கள் குலதெய்வமான சாஸ்தா (அய்யனார்) கோவிலுக்குக் குடும்பத்தோடு போகிறோம். இந்த வழக்கம் எப்படி ஏற்பட்டது? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: முதலில் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் சூரியன் மீன ராசியில் இருப்பதால், அதற்கு நேர் எதிரேயுள்ள கன்னி ராசியில் முழுநிலவு நிற்கும். உத்திர நட்சத்திரம் சிம்மத்தின் கடைசியில் தொடங்கிக் கன்னிக்குள் நீள்வது. ஆகவே அம்மாதத்தில் பௌர்ணமியும் உத்திரமும் ஒன்றாகவோ ஓரிரு நாள் இடைவெளியிலோ வருகின்றன. உத்திரத்துக்கு வடமொழியில் உத்தர பல்குனி என்று பெயர். பல்குனியே பங்குனி ஆயிற்று. மாதத்துக்குப் பெயர் கொடுத்த நட்சத்திரத்தின் திருநாள் இது.

விழாவின் பழமைக்கு அகநானூற்றின் 137-ஆம் பாடல் சான்று. சோழரின் உறையூரில், ஆற்றங்கரைச் சோலையில் நடந்த பங்குனி விழாவை அது குறிப்பிடுகிறது. புலவர் விழாவை வருணிக்காமல் அதற்கு மறுநாளை நமக்குக் காட்டுகிறார்: மரங்கள் அடர்ந்த சோலையில், தீ அவிந்த அடுப்புகளோடு வெறிச்சோடிக் கிடக்கிறது அந்த இடம், பிரிவை எண்ணிய தலைவியின் நெற்றி அதுபோலப் பாழ்பட்டது என்கிறார். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் சாஸ்தா கோவில் என் கண்முன் வந்துவிடும். சிறுவனாக இருந்தபோது, மறந்து விட்டுவந்த பித்தளைச் செம்பை எடுக்க உத்திரத்துக்கு மறுநாள் பெரியப்பாவோடு அங்கே போனேன். முந்தின நாள் கால் வைக்க இடமில்லாமல் இருந்த மருதமரத்தடியில் மூன்று மூன்று கல்லாகக் கரிபிடித்த அடுப்புகள், நடுவே சாம்பல், பாதி எரிந்த பனைமட்டை, சிந்திய பொங்கலைக் கொத்தித் தின்னும் ஒற்றை மயில், வேறு எதுவும் இல்லை. அந்தப் பாட்டில் தெய்வத்தின் பெயர் இல்லாததால் அது சாஸ்தாவுக்கு எடுத்த விழா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மரத்தடியில் அடுப்பு மூட்டிப் பங்குனி விழாக் கொண்டாடும் முறை அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூர்ப் பதிகத்தில் மாதந்தோறும் நடக்கும் விழாக்களைச் சொல்லி வருகையில் பங்குனி உத்திரத்தையும் சேர்த்திருக்கிறார். சாஸ்தாவைக் குறிக்கும் சாத்தன் என்ற தெய்வமும் பழையதே: சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் கோவில் வருகிறது, அப்பர், சிவபெருமானைச் சாத்தனை மகனாக வைத்தவர் என்று பாடுகிறார். அரிகரபுத்திரனான சாஸ்தா தோன்றியது பங்குனி உத்திரத்தில் என்பது நம்பிக்கை. சபரிமலையிலும் பங்குனி உத்திரத்தில்தான் ஆராட்டு நடைபெறுகிறது. காந்திமதி அம்மனின் திருக்கல்யாணம் ஐப்பசியில் நடந்துவிடுவதால், நெல்லைச் சீமைக்காரர் மனத்தில் பங்குனி உத்திரம் என்றதும் முதலில் வருபவர் சாஸ்தாதான்.

இதற்கு வயலிலும் ஒரு காரணம் உண்டு என்று நான் கருதுகிறேன். தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்னும் பருவத்து நெல் அறுப்பு மாசி, பங்குனியில் முடியும். வீட்டில் புது அரிசியும் கையில் ஓய்வும் இருக்கும் நேரம் அது. அந்த நெல்லை விளைவித்த குளத்துக்குக் காவலாகக் கரையில் இருப்பவரும் சாஸ்தாவே. அவருக்குப் புது அரிசியைப் பொங்கிப் படைத்துவிட்டு நிலவொளியில் வண்டி கட்டித் திரும்பினார்கள் நம் முன்னோர்.

கேள்வி: எங்கள் பூர்விகம் களக்காடு பக்கம். தாத்தா காலத்திலேயே ஊரை விட்டு வந்துவிட்டதால் எங்கள் சாஸ்தா யார் என்பதே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, சென்னை)

பதில்: குறி கேட்கப் போவதற்கு முன், வீட்டுப் பரணில் இருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். அவற்றின் தலைப்பில் குலதெய்வத்தின் பெயரைப் போட்டுத் ‘துணை’ என்று அச்சிட்டிருப்பார்கள். அடுத்து, தாத்தா, பூட்டன் பெயர்களைக் கவனியுங்கள். கற்குவேல், சொரிமுத்து, அருஞ்சுனை என்றெல்லாம் நம் பக்கத்தில் ஆட்களுக்குப் பெயர் இருப்பது, தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனாரையும் காரையாறு சொரிமுத்து அய்யனாரையும் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனாரையும் கும்பிடும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயர்களையே பேரப்பிள்ளைகளுக்கு இட்டு வந்ததால்தான். அதன்பின் தகப்பனார் வழிச் சொக்காரர்களில் (பங்காளிகளில்) வயதானவர் ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். கோவிலுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்ற பங்கு, கொடுத்தவர்களின் பெயர்களை எழுதிய பழைய நோட்டுப் பூர்விக ஊரில் யாரிடமாவது இருந்தால், அதில் உங்கள் தாத்தாவின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். ஊர் பெயர்ந்த குடும்பங்கள் மூலக் கோவிலிலிருந்து பிடிமண் (ஒரு கைப்பிடி மண்) எடுத்துப் போய்ப் புது ஊரில் பீடம் எழுப்புவது வழக்கம் என்பதால், ஒரே பெயரில் பல ஊர்களில் கோவில் இருக்கும். உங்கள் முன்னோர் எந்த ஊர்க் கோவிலில் வரி கொடுத்தார்கள் என்பதே கணக்கு. எவ்வளவு தேடியும் கிடைக்காதவர்கள், சாஸ்தாக்களுக்கெல்லாம் மூலவராகக் கருதப்படும் சொரிமுத்து அய்யனாரை வணங்குகிறார்கள். அந்தக் கோவில் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், பாபநாசம் வனத்துறைச் சோதனைச் சாவடியின் நேரக் கட்டுப்பாட்டை விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

கேள்வி: சாஸ்தாவுக்குச் சர்க்கரைப் பொங்கல், அதே வளாகத்தில் மாடனுக்குக் கிடா. இது முரண் இல்லையா? (வாசகர், நாங்குநேரி)

பதில்: சாஸ்தா, பூரணை, புஷ்கலையோடு அமர்ந்து சைவப் படைப்பை மட்டும் ஏற்பவர். சுடலைமாடன், கருப்பசாமி, பேச்சி முதலிய பரிவார தெய்வங்களுக்கு உரியது வேறு. கிடா வெட்டும் நேரத்தில் சாஸ்தா சன்னதிக்குத் திரை போட்டுவிடுவார்கள். ஒரே வளாகத்தில் இரண்டு முறைகளும் ஒன்றையொன்று மதித்து நிற்பதற்கு அந்தத் திரை போதுமானதாக இருந்து வந்திருக்கிறது. இதில் முரண் எதையும் நான் காணவில்லை.

கேள்வி: கல்யாணமான பெண் பிறந்த வீட்டு சாஸ்தாவைக் கும்பிடக் கூடாது என்கிறார் என் மாமியார். சரிதானா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: திருமணத்துக்குப் பின் கணவர் வீட்டு சாஸ்தாவே பெண்ணுக்கும் குலதெய்வம், வரியும் அங்கேதான். மாமியார் சொல்வதில் அவ்வளவு உண்மை உண்டு. பிறந்த வீட்டுக் கோவிலுக்குப் போய்க் கும்பிடுவதற்குத் தடை சொல்லி நான் எங்கும் கேட்டதில்லை. எங்கள் ஆச்சி உத்திரத்தன்று காலையில் புகுந்த வீட்டு சாஸ்தாவுக்குப் பொங்கலிட்டுக் குலவை போட்டு, எல்லாருக்கும் பரிமாறி முடித்த பிறகு, கூட்டிப்போக வந்திருக்கும் தம்பியின் வண்டியில் ஏறி, நான்கு மைல் தள்ளி இருந்த தன் அப்பா வீட்டு சாஸ்தா கோவிலுக்கும் போய்விட்டு, இரவு எங்களுக்கு அங்கிருந்து ஓலைப்பெட்டியில் பொங்கல் கொண்டுவருவார்.