கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும்?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பணகுடிப் பக்கம் ஒரு காற்றாலைக் கம்பெனியில் ஆறு வருடமாகப் பராமரிப்பு இன்ஜினியராக இருக்கிறேன். போன மாதம் எங்களில் ஐந்து பேரைச் சென்னைக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நெட் ஜீரோவுக்கு, அதாவது விடுகிற கார்பனும் திரும்ப உறிஞ்சுகிற கார்பனும் சரிக்குச் சரி ஆகிற நிலைக்கு மாறும்போது எதைத் தொட்டால் எது அசையும் என்று சேர்த்துப் பார்க்கிற ‘சிஸ்டம்ஸ் திங்கிங்’ பாடம். அம்புக்குறி போட்டு வட்டம் வட்டமாக வரைந்தோம். கடைக்காரர், மொத்த வியாபாரி, தொழிற்சாலை என்று ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து பீர் பெட்டிக்கு ஆர்டர் போடுகிற ‘பீர் கேம்’ விளையாடினோம். கார்பன் வரியை ஏற்றினால் 2100இல் பூமியின் சூடு எவ்வளவு குறையும் என்று கம்ப்யூட்டரில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். அங்கே எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. திரும்பி வந்தால் அதே ஷிஃப்ட், அதே பிரேக்டவுன் ரிப்போர்ட். அடுத்த கட்டமாக ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. சொந்தக் காசு போட வேண்டும். சேரலாமா? இந்தச் சொல்லுக்கு நல்ல தமிழ் என்ன?

இன்னொன்று. பழைய காற்றாடிகளை எடுத்துவிட்டுப் பெரிய மெஷின் போடப்போகிறோம். ஊரில் பேசப் போனால் யாரும் காது கொடுப்பதில்லை. முழுசாகப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மாமாவின் நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் தம்பி. ஆனியில் தவறிப்போனார். தாமிரபரணியிலிருந்து பிரிகிற மருதூர் மேலக்கால் வாய்க்காலில் லஸ்கராக இருந்தவர். ஷட்டரை ஏற்றி இறக்குவது, கரையோரம் நடந்து உடைப்பு விழுகிறதா என்று பார்ப்பது, இதுதான் வேலை. பதினாறு முடிந்ததும் அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே பதினான்கு நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு கிழித்து நான்கு கட்டம். தேதி, ஷட்டர் எத்தனை அடி, எந்தக் குளம், தண்ணீர் போய் விழுந்த நேரம். இதை எழுதச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை.

முதலில் உங்கள் கேள்விகள். சான்றிதழ் படிப்பு இப்போது வேண்டாம். நீங்களே கட்டுகிற காசு, ஒரு வருடம் போகட்டும். தமிழ்ச் சொல்லா? அமைப்புச் சிந்தனை என்கிறார்கள், முறைமைச் சிந்தனை என்கிறார்கள். எதை வைத்தாலும் சரி, அதில் சண்டை போட எனக்கு நேரமில்லை.

பயிற்சியை நான் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். இந்தத் துறையைத் தொடங்கிய ஜே ஃபாரஸ்டர் உங்களைப் போல ஒரு இன்ஜினியர்தான், எலக்ட்ரிகல். 1950களில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்காரர்கள் அவரிடம் ஒரு சந்தேகத்தோடு வந்தார்கள். அமெரிக்காவில் கென்டக்கியில் இருக்கிற எங்கள் தொழிற்சாலைகளில் சில வருடம் ஓவர்டைம் போட்டாலும் ஆள் போதவில்லை, சில வருடம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புகிறோம், ஏன் என்று. எல்லோரும் சந்தையைக் காரணம் சொன்னார்கள். அவர் பென்சிலும் நோட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, வெளியே பெரிதாக எதுவும் மாறாவிட்டாலும் உள்ளே எடுக்கிற முடிவுகளே இந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று காட்டினார். நீங்கள் விளையாடிய பீர் கேம் அதே வழியில் வந்ததுதான். வாரம் நான்கு பெட்டி கேட்ட வாடிக்கையாளர் எட்டுப் பெட்டி கேட்பார், அதோடு சரி, அதற்குப் பிறகு மாறவே மாட்டார். ஆனால் சரக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகிறதே என்று பதறி ஒவ்வொருவரும் கூட்டிக் கூட்டி ஆர்டர் போட, கடைசியில் இருக்கிற தொழிற்சாலை தலைகுப்புற விழும். விளையாடும்போது பக்கத்து நாற்காலிக்காரரை நீங்களும் மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். எல்லோரும் திட்டுவார்கள்.

அந்த விளையாட்டை நான் எட்டாம் வகுப்பில் கண்ணால் பார்த்தேன். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து மூன்றாம் நாள். கடைமடைக் குளத்துக்காரர்கள் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார்கள். நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மேல்மடைக்காரன் எல்லாவற்றையும் குடித்துவிட்டான் என்று ஒரே கூச்சல். மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். “ஷட்டரை இன்னும் ஒரு அடி தூக்கு” என்றார். மாமா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. “தண்ணி வந்துக்கிட்டு இருக்குய்யா. கால்வாய் காஞ்சு கிடந்துச்சு, மண்ணு குடிச்சிட்டுத்தான் விடும். நாளைச் சாயங்காலம் குளத்துல விழுந்துரும். இப்பத் தூக்கினா அது தனியா ஒரு தண்ணியாப் போய்ச் சேரும்.” யாரும் கேட்கவில்லை. மாமா தூக்கினார். மறுநாள் சாயங்காலம் அவர் சொன்ன மாதிரியே முதல் தண்ணீர் குளத்தில் விழுந்தது. ராத்திரி மழை பிடித்தது. விடியும்போது இரண்டாவது தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து வந்து கரையை உடைத்தது. நட்ட வயல் மணல் மூடிக் கிடந்ததைப் பார்க்க என்னையும் கூட்டிப் போனார். மெமோ மாமாவுக்குத்தான் வந்தது. நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு ஒரு சொல் எழுதியிருக்கிறார், ‘சொன்னேன்’ என்று. பதினான்கு நோட்டிலும் எண்ணும் இடப்பெயரும் தவிர இருக்கிற சொல் அது ஒன்றுதான்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ‘முழுசாகப் பார்க்கத் தெரியாதவர்கள்.’ இதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது, தங்கச்சி? ஐந்து நாள் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து முதலில் எழுதுகிற வாசகமா இது? ராதாபுரம் பக்கத்து மனிதர்கள் முப்பது வருடமாகக் காற்றாடியின் அடியில் இருக்கிறார்கள். ஏக்கருக்கு என்ன விலை சொல்லி வாங்கினார்கள், அடுத்த வருடம் அதே நிலம் என்ன விலைக்குக் கைமாறியது என்று அவர்களுக்குத் தெரியும். கிரேன் போக மண்ணடித்துப் போட்ட ரோட்டில் எந்த ஓடை மறிந்தது, அதனால் எந்தக் குளத்துக்கு வரத்து நின்றது என்று தெரியும். 2012இல் சென்னைக்கு வெளியே 12 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, தலைக்கு மேல் றெக்கை இருக்க, கீழே சிம்னி விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். ஆடிக் காற்றில் ராத்திரி இரண்டு மணிக்கு, கிரிட் (கரண்ட் போகிற லைன்) தாங்காது, நிறுத்து என்று உங்களுக்குப் போன் வருகிறதே, நல்ல காற்றில் காற்றாடி நிற்பதையும் அவர்கள் பார்க்கிறார்கள். காரணத்தை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. நீங்களாவது சொல்லியிருக்கிறீர்களா?

நீங்கள் வரைந்த படத்தில் அவர்கள் எங்கே இருந்தார்கள்? ஒரு ஓரத்தில் ‘மக்கள் ஒப்புதல்’ என்று ஒரு பெட்டி இருந்திருக்கும். என் சண்டை முழுவதும் அந்தப் பெட்டியோடுதான். படத்தின் எல்லையை யார் போடுகிறார்களோ அவர்கள்தான் விடையையும் போடுகிறார்கள். சோலார் பம்ப்செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பனை மட்டும் எல்லைக்குள் வைத்தால் அதைவிட நல்ல காரியம் இல்லை. கிணற்றை உள்ளே கொண்டுவந்து பாருங்கள். வெயில் இருக்கிறவரை காசில்லாமல் ஓடுகிற மோட்டார், இறங்கிக்கொண்டே போகிற நீர்மட்டம், இன்னும் ஆழமாக ஒரு போர், கடற்கரைப் பக்கமானால் உப்பு. அதே பம்ப்தான், அதே வெயில்தான். கோடு நாலு அடி தள்ளிப் போட்டதும் வேறு கதை ஆகிவிட்டது. உங்கள் புது மெஷினும் அப்படித்தான். பழைய 225 கிலோவாட் காற்றாடி பத்து நின்ற இடத்தில் ஒன்றே ஒன்று போதும் என்பீர்கள். புதுப்பிக்கிறதற்கென்று 2024இல் தமிழக அரசு கொள்கையே கொண்டுவந்துவிட்டது. நல்லதுதான். கழற்றுகிற ஃபைபர் றெக்கைகள் எங்கே போய்க் கிடக்கும்? பத்துக் காற்றாடிக்குக் காவல் இருந்த ஆட்கள் என்ன செய்வார்கள்? ஊரில் இதைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் டன் கணக்கில் கார்பன் சொல்கிறீர்கள்.

உங்கள் பயிற்சியில், இந்தத் துறையில் முக்கியமாக எழுதிய டோனெல்லா மெடோஸ் பெயர் வந்திருக்கும். ஒரு அமைப்பை எங்கெங்கே தொட்டு மாற்றலாம் என்று அவர் வரிசை போட்டபோது, வரி விகிதம் மாதிரி எண்களை மாற்றுவதைத்தான் ஆகக் கீழே வைத்தார். நீங்கள் கம்ப்யூட்டரில் நகர்த்திக்கொண்டிருந்தது பெரும்பாலும் அதை.

மாமாவுக்கு நெட் ஜீரோ என்ற சொல் தெரியாது. ஆனால் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் தடுமாறிய கேள்விக்கு அவர் பதில் வைத்திருப்பார். அங்கத்திய பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் சோதித்துப் பார்த்தார். காற்றில் கார்பன் ஏறாமல் நிற்க வேண்டுமானால் புகை எவ்வளவு குறைய வேண்டும் என்று கேட்டதற்கு, புகை கூடாமல் இருந்தாலே போதும் என்கிற மாதிரித்தான் பலர் வரைந்தார்கள். வரத்து அப்படியே இருந்தால் குளம் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று மாமா சிரித்திருப்பார். வரத்தும் போக்கும் சரிக்குச் சரி ஆனால்தான் மட்டம் நிற்கும். அப்போதும் நிற்குமே தவிர குறையாது. தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 2070இல் நாம் நெட் ஜீரோவுக்கு வருவோம் என்று 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் இந்தியா சொல்லியிருக்கிறது. உலகமே வந்து சேர்கிற நாளில் குளம் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதோடுதான் பிள்ளைகள் வாழ வேண்டும்.

பயிற்சி நடத்துகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான், பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஐந்து நாளில் இரண்டு நாளாவது ஏசி அறையை விட்டு வெளியே கொண்டுவாருங்கள். அறைக்குள் உட்காருகிறவர்களிலும் இன்ஜினியரும் மேனேஜரும் மட்டும் போதாது. டவர் ஏறி கியர்பாக்ஸ் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிற ஐடிஐ பையன், லைன்மேன், காற்றாடி அடியில் ஆடு மேய்க்கிறவர், இவர்களுக்கும் அதே சம்பளத்தோடு அதே நாற்காலி போடுங்கள். லஸ்கரைக் கூப்பிடாமல் வாய்க்காலைப் பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது.

கோபப்பட்டு எழுதிவிட்டேன். கேட்க வேண்டும் என்று தோன்றியதால்தானே எழுதினீர்கள், அந்த மனசு எனக்குப் பெரிது. ஆறு வருடம் அந்தக் காற்றில் நின்று வேலை பார்க்கிறீர்கள், லேசான காரியமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக்கு வாருங்கள். பதினான்கு நோட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். சென்னையில் கற்றுக்கொண்ட மென்பொருளில் அந்த எண்களை ஏற்றிப் பாருங்கள். எந்த மாதத்தில் கால்வாய் எத்தனை நாள் குடித்துவிட்டு விடுகிறது என்று தெரியும். அதற்கு முன்னால், புது மெஷின் வரப்போகிற ஊரில் போய் ஒரு நாள் ஒன்றும் விளக்காமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். எந்த ஓடை மறிந்தது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வருகிற அன்று காலையில் போன் பண்ணுங்கள், அத்தையையும் வரச் சொல்கிறேன். மாமாவின் கையெழுத்தில் 1ம் 7ம் ஒரே மாதிரி இருக்கும், அவள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.