மருத்துவச்சி சும்மா உட்கார்ந்திருப்பது ஏன்? இயற்கைப் பிரசவம் குறித்த கேள்வி பதில்

மருத்துவச்சியாக 22 ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். அண்மையில் மருத்துவச்சியின் துணையோடு தலைப்பிள்ளையைப் பெற்ற ஒரு தம்பதியர் தங்கள் அனுபவத்தை எழுதியிருந்தார்கள். மற்றவர்களின் கேள்விகளிலும் பாதிக்கு மேல் அதைத் தொட்டே எழுந்திருப்பதால் அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். மருத்துவச்சி என்று நான் சொல்வது முறையாகப் படித்து, பயிற்சி பெற்று, உரிமம் பெற்றவரை மட்டுமே என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும் வரை எங்களுக்கு 26 மணி நேரம் ஆயிற்று. முதல் நாள் இரவு வந்து பார்த்த மருத்துவச்சி, "இன்னும் 3 செ.மீ. தான் திறந்திருக்கிறது, தூங்கப் பாருங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். மறுநாள் பிற்பகல், 5 செ.மீ. ஆன பிறகு வந்து தங்கியவர், பெரும்பாலான நேரம் அறையின் மூலையில் அமர்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தாயும் சேயும் நலம். ஆனாலும், அவர் ஏன் ஒன்றுமே செய்யவில்லை என்பது இன்றுவரை என் கணவருக்குப் புரியவில்லை.

பதில்: கணவரின் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. அந்த மருத்துவச்சி தாம் செய்வதை அவ்வப்போது இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டும். அது அவருடைய குறைதான். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை.

கருப்பை வாய் 5 செ.மீ. விரியும் வரையிலான காலம் தொடக்கக் கட்டம். தலைப்பிரசவத்தில் இது சில மணி நேரத்தில் முடியலாம், ஒரு பகலையும் ஓர் இரவையும் விழுங்கவும் செய்யலாம். இதற்கு இவ்வளவு நேரம்தான் என்று வரையறுக்க முடியாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மணிக்கு ஒரு செ.மீ. விரிந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கையும் அது ஏற்கவில்லை, 5 செ.மீ.க்குப் பிறகு முழுவதும் விரிவதற்குத் தலைப்பிரசவத்தில் வழக்கமாக 12 மணி நேரத்துக்கு மேலும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்துக்கு மேலும் ஆவதில்லை என்பதே இப்போதைய அளவுகோல். ஆகவே உங்களைத் தூங்கச் சொன்னது சரியான அறிவுரை. முதல் வலியிலேயே எழுந்து நடந்து, ஒவ்வொரு வலியையும் கடிகாரத்தில் குறித்து, இரவெல்லாம் விழித்திருந்த பெண்கள், முக்க வேண்டிய நேரத்தில் தெம்பின்றித் துவண்டுபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவர் மூலையில் அமர்ந்து எழுதியது உங்கள் பிரசவத்தின் வரைபடம். 10 நிமிடத்துக்கு எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது, உங்கள் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எப்படி இருக்கின்றன, பனிக்குட நீரின் நிறம் என்ன என்பனவெல்லாம் அதில் ஏறும். 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை, வலி அடங்கும் தறுவாயில், குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டிருப்பார். அது நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையில் இருக்கிறதா என்பதோடு, வலிக்குப் பின் இறங்கிய துடிப்பு மீண்டும் ஏறத் தாமதிக்கிறதா என்பதே அவர் உன்னிப்பாகக் கவனிப்பது. முக்கும் கட்டத்தில் இது 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஆகிவிடும். கையால் செய்யும் உள்பரிசோதனையை ஏறக்குறைய 4 மணி நேர இடைவெளிக்குத் தள்ளிவைப்பதும் வேண்டுமென்றே செய்வதுதான். அடிக்கடி செய்தால் தொற்று அபாயம் கூடும், தாய்க்கும் தொல்லை.

விளக்கைத் தணித்து மூலைக்குப் போவதற்கும் காரணம் உண்டு. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின், தாய் பாதுகாப்பாக உணரும்போது நன்றாகச் சுரக்கும். அச்சத்தில் பெருகும் அட்ரினலின் அதைத் தடுக்கும். வீட்டில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த வலி, வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் மிகுந்த அறைக்குள் நுழைந்ததும் திடீரென்று தணிந்துபோவது இதனால்தான்.

கேள்வி: 8 செ.மீ. தாண்டியபோது, "என்னால் முடியாது, அறுத்தாவது எடுத்துவிடுங்கள்" என்று கத்தினேன். வலி நிவாரணி வேண்டாம் என்று நானே முன்பு எழுதிக் கொடுத்திருந்த தாளைக் காட்டி என் கணவர் மறுத்துவிட்டார். குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் அந்தக் கணத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவர் செய்தது சரியா?

பதில்: இந்தத் தொகுப்பில் என்னை நெடுநேரம் யோசிக்கவைத்த கேள்வி இதுதான். 8 செ.மீ.யிலிருந்து முழு விரிவு வரையிலான இடைநிலைக் கட்டத்தில் வலிகளுக்கு நடுவே மூச்சுவிடவும் இடைவெளி இருப்பதில்லை. உடல் நடுங்கும், குமட்டும், எரிச்சல் வரும். "இனி ஒரு பிள்ளையே வேண்டாம்" என்று சூளுரைக்கவும் தோன்றும். பிரசவ வைராக்கியம் என்று நம் முன்னோர் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். முடியாது என்ற சொல் கேட்டதும், குழந்தை வர இன்னும் அதிக நேரம் இல்லை என்று மருத்துவச்சிகள் உள்ளுக்குள் கணக்கிடுவது உண்மை.

ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தாயின் வாயை அடைக்க எவருக்கும் உரிமை இல்லை. முன்கூட்டியே எழுதிய விருப்பத்தாள், அன்றைய மனநிலையின் பதிவு மட்டுமே. வலியை அறியாத நாளில் எழுதியதை, வலியில் இருப்பவளுக்கு எதிரான சாட்சியமாக நீட்டக் கூடாது. நான் இருந்திருந்தால், வலி தணிந்த இடைவெளியில் உங்கள் கண்ணைப் பார்த்து, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், இன்னும் ஏறத்தாழ எவ்வளவு நேரம் ஆகலாம், நிவாரணி தருவதென்றால் எது இந்த நேரத்தில் பயன்படும் என்று சொல்லி, மீண்டும் உங்களிடமே கேட்டிருப்பேன். அப்போதும் நீங்கள் வேண்டும் என்றால், வேண்டும்தான். நான் பார்க்கும் தம்பதியரிடம், இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு குறிச்சொல்லை முன்னரே வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம்: மனைவி எவ்வளவு புலம்பினாலும் அது வலியின் பேச்சு, அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அது முடிவு.

உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் செய்ததாகத் தெரியவில்லை. நீங்கள் கேட்டதைக் காப்பாற்றுவதாகவே நினைத்திருப்பார். இருந்தாலும், அந்தக் கணம் உங்களுக்கு எப்படி இருந்தது என்பதை அவரிடம் ஒருமுறை முழுமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் தந்தையாகப் போகிறேன். பிரசவ அறையில் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வலி வரும்போது கேள்வி கேட்காதீர்கள். "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்பதைவிட, வலி அடங்கியதும் குவளையை வாயருகே கொண்டுபோவது நல்லது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நினைவூட்டுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதற்கு இடைஞ்சலாகும். குழந்தையின் முதுகு தாயின் முதுகுப் பக்கமாக இருந்தால் வலி முழுவதும் இடுப்பின் பின்புறத்தில் குவியும். அப்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் முதுகெலும்பு முடியும் இடத்தில், வலி நீடிக்கும் வரை, அசையாமல் அழுத்திப் பிடியுங்கள். தடவிக் கொடுப்பதைவிட இந்த அழுத்தமே உதவும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை அவரே சொல்வார், பெரும்பாலும் சற்றுக் கடுமையான குரலில்.

15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, பிரசவம் முழுவதும் ஒருவர் விலகாமல் உடனிருந்தால் தானாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது, வலிநேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது என்று கண்டது. விலகாமல் என்பதே முக்கியம்; கைப்பேசியை அணைத்து வையுங்கள். நீங்களும் சாப்பிடுங்கள். தலை சுற்றினால் வெட்கப்படாமல் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் கவனிக்க எங்களுக்குக் கை போதாது.

கேள்வி: வலியின்போது தாய் உணவு உண்ணலாமா?

பதில்: அபாயக் குறிகள் இல்லாதவர் லேசான உணவும் நீராகாரமும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: முதல் குழந்தையை வீட்டிலேயே மருத்துவச்சியின் துணையுடன் பெற்றுக்கொள்ள விரும்புகிறோம். என்ன சொல்வீர்கள்?

பதில்: இங்கிலாந்தில் அபாயம் குறைந்த ஏறத்தாழ 64,000 பெண்களைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வை உங்கள் முன் வைக்கிறேன். இரண்டாவது குழந்தையிலிருந்து, வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களுக்கும் மருத்துவமனையில் பெறத் திட்டமிட்டவர்களுக்கும் குழந்தையின் நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. முதல் குழந்தையில் தெரிந்தது: குழந்தைக்குக் கடுமையான தீங்கு நேர்ந்த விகிதம், மகப்பேறு மருத்துவரின் பிரிவில் 1,000க்கு 5.3 ஆகவும், வீட்டில் 9.3 ஆகவும் இருந்தது. மருத்துவச்சிகளே நடத்தும் பிரசவ மையங்களில் அத்தகைய கூடுதல் அபாயம் காணப்படவில்லை. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 45 விழுக்காட்டினர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களில் இது 12 விழுக்காடு. பயிற்சி பெற்ற மருத்துவச்சியும், அழைத்தால் வரும் ஊர்தியும், ஏற்க ஆயத்தமான மருத்துவமனையும் ஒரே அமைப்பாக இயங்கும் இடத்து எண்கள் இவை. அந்த மூன்றில் ஒன்று இல்லாத இடத்துக்கு இவற்றை எடுத்துச் செல்ல முடியாது. எனவே முதல் குழந்தைக்கு, மருத்துவமனையை ஒட்டிய பிரசவ மையத்தையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவதை மருத்துவச்சியிடம் இயற்கையாகப் பெற முடியுமா?

பதில்: முயல்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்குக் கைகூடுகிறது. ஆனால் கருப்பையில் உள்ள பழைய தழும்பு கிழியும் அபாயம் ஏறக்குறைய 200இல் ஒன்று; கிழிந்தால் சில நிமிடங்களில் அறுவை செய்தாக வேண்டும். ஆகவே அறுவை அரங்கு உள்ள மருத்துவமனையில், இதயத்துடிப்பைத் தொடர்ந்து கண்காணித்தபடிதான். மருத்துவச்சி அங்கேயும் உங்கள் அருகில் இருக்கலாம். இரட்டைக் குழந்தைகள், தலை மேலாக இருக்கும் குழந்தை, 37 வாரத்துக்கு முந்தைய வலி, உயர் இரத்த அழுத்தம், கருப்பை வாயை மறைத்துக் கிடக்கும் நஞ்சுக்கொடி ஆகியவற்றிலும் மருத்துவரே முன்னிற்க வேண்டும்.

கேள்வி: பனிக்குடம் உடைந்தும் வலி வரவில்லையென்றால்?

பதில்: நாள் நிறைந்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு 24 மணி நேரத்துக்குள் தானாக வலி வந்துவிடுகிறது. ஆனாலும் உடைந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொண்டு உடனே மருத்துவச்சிக்குச் சொல்லிவிடுங்கள். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். இரத்தம், துர்நாற்றம், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். அரிதாகத் தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிடும். அப்படித் தட்டுப்பட்டால் அதைத் தொடாமல், முழங்காலையும் மார்பையும் தரையில் பதித்து இடுப்பை உயர்த்திய நிலையில் இருந்துகொண்டு, உடனடியாக அவசர ஊர்தியை அழையுங்கள்.

கேள்வி: கிழிவோ தையலோ இல்லாமல் பெற வழி உண்டா?

பதில்: உறுதி சொல்ல இயலாது, குறைக்க முடியும். 35ஆவது வாரம் முதல் பிறப்புறுப்பின் அடிப்பகுதியை எண்ணெய் இட்டு மெல்ல நீவிவருவதும், முக்கும் கட்டத்தில் அங்கே வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைப்பதும் பயன் தருபவை. தலை வெளிப்படும் கணத்தில் மருத்துவச்சி, "முக்காதீர்கள், ஊதுங்கள்" என்பார். அந்த ஒரு நிமிடம் அவர் சொல் கேட்பதே எல்லாவற்றிலும் பெரிது. எல்லோருக்கும் வழக்கமாக அந்த இடத்தைக் கத்தரிப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. குழந்தையின் துடிப்பு இறங்கி விரைந்து எடுக்க வேண்டிய நிலையில் கத்தரிப்பது வேறு.

கேள்வி: குழந்தை பிறந்ததும் தாய்க்கு ஊசி போட்டால் அது இயற்கைப் பிரசவம் ஆகுமா?

பதில்: பெயர் என்ன ஆனாலும் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். தொடையில் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் கருப்பையை இறுகச் செய்து இரத்தப்போக்கைக் குறைக்கிறது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகு கருப்பை தளர்ந்துவிட்டால், எந்த அபாயக் குறியும் இல்லாத தாயும் சிறிது நேரத்தில் பேரளவு இரத்தம் இழக்கக்கூடும். நான் அதைக் கண்டிருக்கிறேன். இந்த விஷயத்தில் நடுநிலையாகப் பேச எனக்கு வராது. ஊசி போட்டாலும் தொப்புள்கொடியை அறுக்க 1 முதல் 3 நிமிடம் பொறுக்கலாம். குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் கிடத்தி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கலாம்.

கேள்வி: மருத்துவச்சியோடு இயற்கையாகப் பெற ஆறு மாதம் ஆயத்தம் செய்தோம். முழுவதும் விரிந்து 3 மணி நேரம் முக்கியும் தலை இறங்காமல் மருத்துவமனைக்கு மாற்றி, சிசேரியனில் முடிந்தது. என் மனைவி, தான் தோற்றுவிட்டதாக நான்கு வாரமாக அழுதுகொண்டிருக்கிறார்.

பதில்: தலைப்பிரசவத்தில் முக்கும் கட்டம் வழக்கமாக 3 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அந்த எல்லையில் மருத்துவரை நாடியது, மருத்துவச்சி தம் வேலையைச் சரியாகச் செய்ததன் அடையாளம். தலை திரும்பியிருந்த விதத்தை உங்கள் மனைவியின் மனவுறுதி மாற்றியிருக்க முடியாது. ஆனால் இதை நீங்கள் சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும், காரணமாகக் கேட்காது. ஆகவே மருத்துவச்சியை அழைத்து, பிரசவப் பதிவுத்தாளை விரித்துவைத்து, எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எந்த இடத்தில் ஏன் முடிவெடுக்கப்பட்டது என்று மூவரும் வரிவரியாகப் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய சாதாரண மனச்சோர்வு இரண்டு வாரத்துக்குள் விலகிவிடும். நான்கு வாரம் நீடிப்பதால், இந்த வாரமே மருத்துவரையும் பாருங்கள். அன்று அந்த அறையில் நீங்களும் இருந்தீர்கள். உங்கள் தூக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.