பனிமனிதன் படம் போட்ட புத்தகங்களை நம் ஊர்க் குழந்தைகளுக்கு வாங்கலாமா?

ஐந்து வயது மகளுக்கு மழை, வெயில், குளிர் பற்றிய படக்கதைகள் தேடினால், கடையில் பாதிக்கு மேல் பனிமனிதனும் சிவந்து உதிரும் இலைகளுமாக இருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் முதலில் வாங்க வேண்டியது அதுவல்ல.

செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் கதை வாசிக்கிறேன், ஆறு வருடமாக. நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரை பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அந்த வாரம் வாசலில் என்ன நடக்கிறதோ அந்தப் புத்தகத்தை அந்த வாரமே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அட்டையில் எந்தப் பருவத்தின் பெயர் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான்.

முதல் வருடம் இது தெரியாமல் ஒரு மழைப் புத்தகத்தை ஜூனில் வாசித்தேன். கதையில் பள்ளி திறந்ததும் மழை கொட்டுகிறது, புதுக் குடை, புது ரெயின்கோட். எங்கள் மாடியிலோ தரை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. ஒரு பையன் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு "மழை எங்க அக்கா?" என்று கேட்டான். மும்பைக்கும் கேரளாவுக்கும் அந்தக் கதை சரி, அங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். தமிழ்நாட்டுக்கு வருட மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான். அதே புத்தகத்தை ஐப்பசியில் மறுபடி எடுத்தேன். முந்தின ராத்திரி மழை பெய்து ஈசல் கிளம்பியிருந்தது, மாடி முழுக்க உதிர்ந்த இறக்கைகள். ஒரு குட்டிப் பெண் ஒன்றைப் பொறுக்கிவந்து புத்தகத்தில் இருந்த தெருவிளக்குப் படத்தின் மேல் வைத்து, "இங்க ஈசல் வரைய மறந்துட்டாங்க" என்றாள். அப்புறம் ஒரு மணி நேரம் யாரும் எழுந்து போகவில்லை.

இலையுதிர் காலப் புத்தகத்துக்கும் நம்மிடம் இடம் இருக்கிறது, மாதம்தான் வேறு. மாசி, பங்குனியில் அரச மரத்தையும் வேம்பையும் பாருங்கள், இலையைக் கொட்டிவிட்டுக் கையோடு கொழுந்து விடும். அந்தச் சருகைப் பெருக்குகிற நாட்களில் வாசித்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். எங்கள் பெரியவர்கள் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாக ஆறாகப் பிரித்ததைக் குழந்தைகளிடம் ஒப்பிக்கச் சொல்ல வேண்டியதில்லை, வாங்குகிற நமக்குத் தெரிந்திருந்தால் எந்தப் புத்தகத்தை எப்போது எடுப்பது என்று தெரியும்.

பனிக்கு வருகிறேன். எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' 1962இல் வந்த அமெரிக்கப் புத்தகம். அதில் பீட்டர் என்ற சிறுவன் ஒரு பனி உருண்டையை நாளைக்கு வேண்டும் என்று சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவான், பிறகு பார்த்தால் பை காலியாக இருக்கும். அதை நான் சித்திரையில்தான் வாசிப்பேன். ஆளுக்கொரு ஐஸ் கட்டி கொடுத்துப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்வேன், கதை முடிவதற்குள் கால்சட்டையெல்லாம் நனைந்து பீட்டரின் வருத்தம் அப்படியே அவர்களுக்கு வந்துவிடும். பனியைப் பார்த்ததே இல்லை என்பது ஒரு குறையாகவே தெரியாது. வெறும் பனி அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிற புத்தகங்கள் அப்படி நிற்பதில்லை, அவற்றை வாங்காதீர்கள்.

கடையில் நின்று இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, வாய்விட்டு ஒரு பக்கம் வாசிப்பேன். தூறல், சாரல், அடைமழை என்று இத்தனை சொல் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் "மழை விழுந்தது" என்றே மொழிபெயர்த்திருந்தால் திரும்ப வைத்துவிடுவேன். இன்னொன்று, படத்தில் இருப்பது உண்மையான உயிரா என்பது. மார்கழியில் வேடந்தாங்கல் கூட்டிப்போவதற்கு முன் பறவைப் புத்தகம் வாசிப்போம், அதில் நத்தைகுத்தி நாரையின் அலகுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று தேடுவேன். பொத்தாம்பொதுவாக ஒரு கொக்கை வரைந்து வைத்திருந்தால் ஏரியில் போய்ப் பிள்ளைகளால் எதையும் அடையாளம் காண முடியாது.

கிடைக்கும் இடம்: பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் நிறைய இலவசமாக இருக்கிறது, படிநிலை ஒன்றில் தொடங்கலாம். சென்னையின் தூலிகா தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்கள் போடுகிறது. உங்கள் மகளுக்கு முதலில் ஒரே ஒரு மழைப் புத்தகம் வாங்குங்கள், தீபாவளியை ஒட்டி முதல் அடைமழை பிடிக்கும் வரை அலமாரியிலேயே இருக்கட்டும்.