செலவில்லாமல் சேர்ந்து ஊர் சுற்ற: வாசகர் கேள்வி – பதில்

கல்யாணமாகி நாலு மாதம். மாமனார், மாமியார், கொழுந்தனாரோடு ஒரே வீடு. சனிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் அவருக்கு ஓய்வு. 300 ரூபாய்க்குள் நாங்கள் இருவர் மட்டும் எங்கே போய்வரலாம்?
– வாசகி, காரைக்குடி

திருமயம் கோட்டைக்குப் போங்கள். புதுக்கோட்டை பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். அது டவுன் பஸ் இல்லை என்பதால் பெண்களுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். அதைக் கணக்கில் வையுங்கள். ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டிய கோட்டை இது. இப்போது தொல்லியல் துறையிடம் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 25 ரூபாய் அளவில்.

மூன்றரை மணிக்கு முன்னால் ஏறாதீர்கள். மதிய வெயிலைப் பாறை வாங்கி வைத்துக்கொண்டு காலடியிலிருந்து திருப்பிக் கொடுக்கும். பாதியிலேயே தலைவலி வந்துவிடும். அதற்காக ரொம்பவும் தாமதித்தால் சீக்கிரமே கீழே இறங்கச் சொல்லிவிடுவார்கள். நாலு மணிக்குள் உள்ளே இருந்தால் சரியாக இருக்கும். பாதி வழியில் பாறையைக் குடைந்து செய்த சிவலிங்க அறைக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். பட்டுப்புடவை கட்டிப் போனால் அங்கே தவிப்பீர்கள். உச்சியில் பீரங்கி இருக்கிற மேடையில் நல்ல காற்று வரும், பேசிக்கொண்டே உட்காரலாம். மேலே கடை இல்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். இறங்கும் நேரத்தில் அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில் நடை திறந்திருக்கும். அங்கே பாறையில் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் பெருமாளைப் பார்க்காமல் வராதீர்கள்.

ஓட்டலைத் தவிர்த்தால் பாதிப் பணம் மிச்சம். புளியோதரையும் துவையலும் கட்டிக்கொள்ளுங்கள். தயிர்சாதம்தான் வேண்டுமென்றால் சாதத்தைக் குழையவிட்டு, ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துப் பிசையுங்கள். முழுக்கத் தயிரில் பிசைந்தால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். திரும்பி வந்ததும் காரைக்குடியில் சூடாக வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வாங்கிச் சாப்பிட மிச்சக் காசு போதும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தையும் யோசியுங்கள். நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் கண்மாயில் கூடு கட்டியிருக்கும். அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. நீங்களும் அங்கே மெதுவாகப் பேசுங்கள்.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல் செய்வதை இருவரும் பார்க்க ஆசை. கார் எடுக்காமல் முடியுமா?
– வாசகர், தேவகோட்டை

முடியும், ஆனால் பஸ் அடிக்கடி கிடையாது. காரைக்குடி பஸ் நிலையத்தில் போகும் நேரத்தோடு திரும்பும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடிப்பதில்தான் பலருக்குச் செலவு எகிறுகிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸாக இருந்தால் உங்கள் வீட்டம்மாவுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. வேலை நாளில், காலையிலேயே போங்கள்.

பட்டறையில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சிமென்டில் கரைத்த சாயத்தைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் கோடு கலையாமல் நிற்கும். உடனே உலர்ந்த சிமென்ட் மணல் கலவையைத் தூவுவார்கள். அது ஈரத்தை உறிஞ்சுவதால்தான் நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, பாலிஷ் எதுவும் போடுவதில்லை. ஈரக் கல்லைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் தடம் பட்டாலே அந்தக் கல் வீண்.

ஞாபகத்துக்கு ஒரு கல் வாங்கலாம். நல்ல கனமாக இருக்கும், துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். ஊருக்குள் இருக்கும் பெரிய வீட்டையும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். சினிமா ஷூட்டிங் நடந்தால் உள்ளே விடமாட்டார்கள், அதனால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் அரண்மனையையும் இதே பயணத்தில் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸுக்குக் காத்தே பொழுது போய்விடும்.

சொந்த ஊர் பள்ளத்தூர், வேலை சென்னையில். இங்கே எங்கே போனாலும் ஆயிரம் ரூபாய் ஆகிறதே?
– வாசகி, குரோம்பேட்டை

மால், சினிமா இரண்டையும் விட்டுவிட்டு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. நேராக வெண்கலக் கூடத்துக்குப் போய், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் இருவரும் நில்லுங்கள். ஒரே உடம்பில் இடப்பக்கம் இடுப்பு வளைவும் வலப்பக்கம் நிமிர்ந்த தோளும் எப்படி இணைகின்றன என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம்.

ஊர் ஏக்கம் அதிகமானால், தென்னிந்தியப் பழைய வீடுகளை வைத்திருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடு ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். டிக்கெட் கொஞ்சம் கூடுதல்தான். காலையில் போய் சாயங்காலம் வரை இருந்தால் கொடுத்த காசு வீண் போகாது. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் மாநகரப் பஸ்ஸில் ஏறி, வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.