ஆசிரியர் பதில்கள்: வருடம் முழுக்கப் பிப்ரவரி

கேள்வி: மாதாமாதம் தவறாமல் செல்லுக்கு ரீசார்ஜ் செய்கிறேன். டைரியைப் புரட்டினால் போன வருடம் 13 முறை பணம் கட்டியிருக்கிறேன். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, ஒன்பதை அழுத்து என்கிறார்கள். இந்தக் கொள்ளைக்கு முடிவே இல்லையா?
- பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: 'மாதாமாதம்' என்று எழுதினீர்களே, அங்கேதான் விழுந்தீர்கள். கம்பெனிக்காரன் எங்கேயாவது மாதம் என்று சொன்னானா? '28 நாள் வேலிடிட்டி' என்றுதான் சொன்னான். மாதம் என்று மொழிபெயர்த்துக்கொண்டது நீங்கள்.

இந்த 28 எங்கிருந்து வந்தது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். சூரியனைக் கேட்டால் ஆனிக்கு 32 நாள் வரை கொடுக்கிறான், மார்கழிக்கு 29. சந்திரனைக் கேட்டால் அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள். 27 நட்சத்திரத்தையும் சுற்றி வர அவனுக்கு 27 நாள் சொச்சம். இருபத்தெட்டு யாரிடமும் இல்லை. வாக்கியமா திருக்கணிதமா என்று நமது ஜோதிடப் பக்கத்துக்காக நான் வருடா வருடம் இரண்டு தரப்பிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு கோஷ்டியும் சேர்ந்து எதிர்க்க வேண்டிய மூன்றாவது பஞ்சாங்கம் ஒன்று பெட்டிக்கடைகளில் தொங்குகிறது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பஞ்சாங்கத்தில் வருடம் முழுக்கப் பிப்ரவரி. 13 பிப்ரவரி சேர்ந்தால் 364 நாள். உங்கள் பதின்மூன்றாவது ரீசார்ஜ் அதுதான். 'மூணு மாச பேக்' என்று நாம் சொல்வது 84 நாள். அப்படி நாலு போட்டாலும் வருடத்தில் 29 நாள் அந்தரத்தில் நிற்கும்.

தேதி நகர்வதுதான் இதில் விசேஷம். ஜனவரி 5ஆம் தேதி, சம்பளம் வந்த கையோடு போடுகிறீர்கள். அடுத்தது பிப்ரவரி 2. அப்புறம் மார்ச் 2. அதற்கடுத்து மார்ச் 30, சட்டைப் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை மட்டும் இருக்கிற நாள். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் சமையலறைக் காலண்டரில் கோடு போட்டுக் கணக்கு வைப்பார். ஊருக்குப் போன நாலு நாளைக் கேட்காமலே கழித்துவிடுவார். மிஞ்சிய பாலை ராத்திரி 12 மணிக்குக் கதவைத் தட்டி எடுத்துக்கொண்டு போனதில்லை. தினம் ஒன்றரை ஜிபியில் நீங்கள் தொடாமல் விட்டது என்ன ஆகிறது என்று பாருங்கள்.

செல் கம்பெனிகளை மேய்க்கும் ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கே இது உறைத்து, ஆளுக்கு ஒரு 30 நாள் பிளானாவது வைத்திரு, மாதா மாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பிளான் ஒன்றும் வைத்திரு என்று 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. வைத்திருக்கிறார்கள். பீரோவில் பட்டுப்புடவை வைத்திருப்பது போல. போன வாரம் எங்கள் தெருமுனைக் கடையில் கேட்டேன். கடைத்தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பது நாளா? அதெல்லாம் யாரும் போடறதில்ல சார்."

"இருக்கா, இல்லையா?"

போனை மூன்று தடவை மேலும் கீழும் தள்ளிவிட்டு, "இருக்கு. ஆனா டேட்டா கம்மி சார். இருபத்தெட்டே போட்டுருவமா?" என்றார். போட்டுவிட்டேன். ஆகவே உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது.

இனி அந்த ஒன்பது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று சொல்லும் அந்தப் பெண்குரலைக் கோபித்துப் பயனில்லை, அது என்றோ பதிவு செய்த குரல். செல்லிடப்பேசி என்றுதான் அச்சிட வேண்டும் என்று எங்கள் பிழைதிருத்துபவர் பத்து வருடமாக என்னோடு மல்லுக்கட்டுகிறார். கைபேசி போதும் என்பது என் கட்சி. ஒரு நாள் 40 நிமிஷம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து லைன் கட்டானபோது அவரிடம் சொன்னேன்: ஐயா, இதில் எல்லாம் செல்லும், நம் கோபம் மட்டும் எந்த இடத்திலும் செல்லாது. அவர் சிரிக்கவில்லை. மறுநாள் ப்ரூஃபில் கைபேசியை மூன்று இடத்தில் அடித்திருந்தார்.

முடிவு உண்டா என்று கேட்டீர்கள், மறந்தே போனேன். 198க்கு அடித்துப் புகார் எண் வாங்குங்கள். சும்மா 'பார்க்கிறோம் சார்' என்பதை ஏற்காதீர்கள், எண் வேண்டும். சரிவரவில்லையா, அதே கம்பெனிக்குள் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். டிராய்க்குத் தனிக் கடிதம் போடாதீர்கள், தனிநபர் புகாரைத் தீர்ப்பது அவர்கள் வேலையில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 2009இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தொலைபேசித் தகராறு அங்கே செல்லாது என்றதைக் காட்டியே கம்பெனிகள் பல வருடம் தப்பின. 2022 பிப்ரவரியில் (பார்த்தீர்களா, பிப்ரவரி!) அதே நீதிமன்றம் தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டது. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் கேட்காமல் காலர் டியூன் வைத்துக் காசு பிடித்தார்கள் என்றால் அங்கே எடுபடும். 28 நாள் என்று முன்னாலேயே அச்சடித்துவிட்டு 28 நாள் கொடுத்தவனை என்னவென்று கூண்டில் ஏற்றுவீர்கள்? 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பிக் கம்பெனி மாறலாம். மாறுங்கள். அங்கேயும் 28 தொங்கும்.

உங்கள் கடிதத்தை எங்கள் விற்பனை மேலாளரிடம் காட்டியது என் தப்பு. படித்துவிட்டு வெகுநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இரண்டு வாரத்தைச் சேர்த்து ஒரே இதழாகப் போட்டு, 52 இதழ் சந்தாவை 50 ஆக்கிய புண்ணியவான் அவர்தான். "சார், நாம ஏன் வருஷச் சந்தான்னு போடறோம்? 336 நாள்னு போட்டா என்ன?" என்றார்.

உங்கள் சந்தா எப்போது முடிகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.