மாத்திரையைத் தொடங்கினால் நிறுத்தவே முடியாதா?

கேள்வி: எனக்கு வயது 44. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். போன மாதம் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை வெறும் வயிற்றில் 168, சாப்பிட்ட பின் 256, ஹெச்பிஏ1சி 8.2 என்று வந்தது. எடை 76 கிலோ, உயரம் 165 செ.மீ. டாக்டர் மெட்ஃபார்மின் 500 மி.கி. எழுதிக் கொடுத்தார், நான் இன்னும் வாங்கவில்லை. என் அம்மா பதினைந்து வருடம் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு, கடைசியில் கிட்னி கெட்டுத்தான் இறந்தார். மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்று மைத்துனர் சொல்கிறார். ஒரு பொடியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருந்து பார்க்கலாமா?
– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் தயக்கத்துக்கு அம்மாவின் முடிவுதான் காரணம் என்பது கடிதத்தைப் படித்தவுடனே புரிந்தது. ஆகவே அதையே முதலில் சொல்கிறேன். சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய குழாய்களைப் பல ஆண்டுகளாக வலியோ வீக்கமோ காட்டாமல் அரிப்பது இரத்தத்தில் கட்டுக்கடங்காமல் நிற்கும் சர்க்கரையும், அதனோடு சேர்ந்துவரும் இரத்த அழுத்தமும்தான். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்திருந்தால் அந்த மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும்; “கிட்னி கெட்டுவிட்டது, மாத்திரையை நிறுத்துங்கள்” என்று டாக்டர் சொல்வதைக் கேட்கும் குடும்பம், மாத்திரையால்தான் கெட்டது என்று எண்ணிக்கொள்கிறது. அப்படி நம்பி மருந்தை ஒதுக்கிய பிள்ளைகளும் அதே நோய்க்கு ஆளாவதுதான் எனக்கு மிகவும் வேதனையளிக்கிறது.

உங்கள் ஹெச்பிஏ1சி 6.6 ஆக இருந்திருந்தால், மூன்று மாதம் உணவையும் நடையையும் மட்டும் நம்பிப் பார்க்கலாம் என்று நானே சொல்லியிருப்பேன். 8.2 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் சர்க்கரையின் சராசரி ஏறத்தாழ 190. எத்தனை ஆண்டுகளாக இப்படி இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எனவே மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

ஆயுசுக்கும் விட முடியாது என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. நோய் தெரிந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2017-இல் வெளியானது. கடுமையான உணவுத் திட்டத்தை மருத்துவ மேற்பார்வையில் கடைப்பிடித்தவர்களில் 46 சதவீதம் பேர், ஓராண்டு முடிவில் சர்க்கரை மாத்திரை இல்லாமலே நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தார்கள். எடை நன்றாகக் குறைந்தவர்களுக்கே அது அதிகம் கைகூடியது. நீங்கள் ஏழெட்டு கிலோ குறைத்து, அளவுகளும் இறங்கினால், மாத்திரையைக் குறைப்பதைப் பற்றி டாக்டரே பேசுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உணவில் எங்கே கை வைப்பது? கடைக்கு வரும் டீயிலிருந்து தொடங்குங்கள். துணிக்கடையில் நாளைக்கு ஆறு டீ என்பது சாதாரணம். டீக்கு இரண்டு கரண்டி என்று வைத்தால், சோற்றில் கை வைப்பதற்கு முன்பே ஐம்பது கிராம் சர்க்கரை உள்ளே போய்விடுகிறது. அடுத்தது டிபன் கேரியர். பெரிய அடுக்கில் சோறும் சின்னக் கிண்ணத்தில் பொரியலும் வருகின்றனவா? அடுக்கை மாற்றச் சொல்லுங்கள்: பெரியதில் கீரையோ அவரைக்காயோ, சின்னதில் சோறு, அதனோடு மீன் குழம்போ முட்டையோ பருப்போ. காசிமேட்டு மீனை விட வேண்டாம், பொரிப்பதை மட்டும் விடுங்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பது நடைப்பயிற்சி ஆகாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடமாவது நடங்கள்.

பொடியை மைத்துனரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயரும் உட்பொருளும் அச்சிடாத சில பொடிகளில் ஆங்கில மருந்தே கலந்திருந்தது சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. அளவு தெரியாத மருந்து சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்திவிடலாம்.

மெட்ஃபார்மினை உணவோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். முதல் இரண்டு வாரம் வயிறு கலங்கலாம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைய வாய்ப்புண்டு என்பதால் அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இப்போதே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், விழித்திரை, பாத உணர்ச்சி, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அம்மாவின் வரலாற்றை மனத்தில் கொண்டு சொல்கிறேன், அந்த ஆல்புமின் சோதனையை ஆண்டுதோறும் தவறவிடாதீர்கள்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, என்றாலும் சொல்லிவிடுகிறேன். மெட்ஃபார்மின் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது; நீரிழிவுக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவை டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-லேயே தொடங்கிய இடம் அது.

காரணமில்லாமல் எடை வேகமாக இறங்கினாலோ, தாகமும் இரவில் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் கூடினாலோ, மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். அப்போது இன்சுலின் தேவைப்படலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் இன்றே மாத்திரையை வாங்கி, சீட்டில் எழுதியபடி தொடங்கி, மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி எடுத்து எனக்கு எழுதுங்கள்.